சிஸ்டத்தில் இருந்த கணவாய்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என் கீழே வேலை பார்த்து இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜான்சி போன் செய்து, "அக்கா, மெட்டீரியல் அவைலபிலிட்டி செக் பத்தி நீங்க வந்து கொஞ்ச நேரம் பேசணும். அந்த செட்டிங்கெல்லாம் நீங்க இருந்து போட்டதுதானே?" என்றாள். போனேன், பேசினேன். முன்வரிசையில் ஒரு பையன் வாயை மூடாமலே கொட்டாவி விட்டான். ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, "மேம், மத்த சரக்குக்கெல்லாம் ஒரு மாதிரி இருக்கு, கடல் சரக்குக்கு மட்டும் ஏன் வேற மாதிரி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அதற்குள் டீ வந்துவிட்டது. டீயும் வடையும் முன்னால் இருக்கும்போது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது என்ன செக்? ஒரு தொழிற்சாலையில் எதையாவது செய்ய வேண்டுமென்றால் ஈஆர்பி என்கிற மென்பொருளில் ஓர் உற்பத்தி ஆர்டர் போட வேண்டும். இன்ன தேதிக்கு இவ்வளவு உறைய வைத்த கணவாய் மீன் வேண்டும் என்று போட்டால், அதற்குப் படகிலிருந்து வரும் கணவாய் எவ்வளவு, பாலித்தீன் பை எவ்வளவு, அட்டைப் பெட்டி எவ்வளவு, லேபிள் எவ்வளவு என்று அதுவே கணக்குப் போடும். ஆர்டரை வேலைக்கு விடும் முன், இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அவ்வளவுதான் விஷயம். எழுந்து போய்க் குளிர் அறைக் கதவைத் திறந்து பார்க்கச் சோம்பல்படும் மனிதர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது.

நான் நாசரேத் பக்கம். அப்பா, அம்மா இருவருமே மிஷன் பள்ளி ஆசிரியர்கள். பி.காம். முடித்து நான் தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் ஸ்டோரில் சேர்ந்தபோது, வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். வாடைக்கு நானே போதும் என்றார்கள். அங்கே பெட்டி எண்ணினேன், பிறகு பெட்டி எண்ணுகிறவர்களை எண்ணினேன், பிறகு உற்பத்தித் திட்டப் பிரிவுக்கு வந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் அவைலபிலிட்டி செக் என்பது, ஸ்டோர் வாசலில் நின்று "ஏலே, பெட்டி கெடக்கா?" என்று ஒருவர் கத்துவதும், உள்ளேயிருந்து "கெடக்கு!" என்று இன்னொருவர் கத்துவதும்தான். பெரும்பாலும் பெட்டி கிடந்தது.

மென்பொருள் வந்தபோது எங்கள் பொது மேலாளராக இருந்தவர் தங்கப்பழம் சார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மீன் கம்பெனியில் மீன் வாடை பிடிக்காத ஒரே ஆள் அவர்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, அந்தக் கைக்குட்டையில் ஒரு சொட்டு யூடிகோலன் வாசனைத் திரவியம். சுத்தம் செய்யும் கூடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு நடைபாதை உண்டு. அதைத் தாண்டி அவர் உள்ளே போய் யாரும் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே கணவாய் அறுக்கும் பெண்களை, தொட்டி மீன்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார். கெட்டவர் அல்ல. யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்திக்கே வந்துவிடுவார். ஆனால் ஒரு விஷயத்துக்கு ஆம் என்றோ இல்லை என்றோ அவர் வாயால் வராது. "பாத்துக்கிடுங்க" என்பார். அது உத்தரவா, அனுமதியா, எச்சரிக்கையா என்பது விளைவைப் பொறுத்துப் பின்னால் முடிவாகும்.

மென்பொருள் வந்ததில் மிகவும் சந்தோஷப்பட்டவர் அவர்தான். இனிமேல் நடைபாதைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. மேசையிலேயே ஒரு பெரிய திரை வைத்துவிட்டார்கள்.

செட்டிங் போட சென்னையிலிருந்து நிஷாந்த் என்று ஓர் ஆலோசகர் வந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். இதற்கு முன் சைக்கிள் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் இதே வேலையைச் செய்திருந்தார். எங்களை உட்கார வைத்து வரிசையாகக் கேட்டார். ஆர்டர் போடும்போதே சோதிக்க வேண்டுமா, வேலைக்கு விடும்போதா? தரப் பரிசோதனை முடியாத சரக்கை இருப்பில் சேர்க்கலாமா, கூடாதா? வாங்க ஆர்டர் போட்டு இன்னும் வராத சரக்கை? சரக்கு குறைந்தால் மென்பொருள் தடுக்க வேண்டுமா, கேட்க வேண்டுமா, கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா?

தங்கப்பழம் சார் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "கண்டிப்பா இருக்கட்டும் தம்பி. தரம் பாத்த சரக்குதான் சரக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் வேலைக்கு விடப்பிடாது. இனிமே ஒருத்தனும் நம்மள ஏமாத்த முடியாது" என்றார்.

அப்படியே போட்டார்கள். நாங்கள் ஏமாற முடியாத நிலையை அடைந்தோம்.

முதல் நாளே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வண்டி நிறையக் கணவாய் வந்தது. நல்ல பருவம். கூடை கூடையாக ஐஸ் போட்டுத் தளத்தில் இறக்கினார்கள். வேம்பாரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த பெண்கள் தொப்பி, கையுறை, கத்தியோடு தயாராக நின்றார்கள். ஆர்டரை வேலைக்கு விடப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு. கணவாய் இல்லை என்றது. தரப் பரிசோதனையின் முடிவு பதிவாகும்வரை அது கணவாய் அல்ல. பரிசோதனைக்காரர்கள் ஓடி ஓடிப் பதிவு செய்தார்கள். மறுபடி அழுத்தினேன். மறுபடி சிவப்பு. இந்தத் தடவை லேபிள் ஒரு கட்டு குறைவு. பெட்டியில் ஒட்டுகிற லேபிள்! கணவாயை அறுத்து, கழுவி, உறைய வைத்து, பெட்டியில் போட்டு, மூடிய பிறகு தேவைப்படுகிற லேபிள். அது இல்லாததால் முதல் கணவாயில் கத்தி வைக்கக்கூடாது என்று மென்பொருள் உறுதியாக நின்றது.

துறைமுகத்தில் எங்களுக்காக ஏலம் எடுக்கும் செபமாலை அண்ணன் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு கணவாயைத் தூக்கிக்கொண்டு நேராகப் பொது மேலாளர் அறைக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். கணவாயிலிருந்து மை சொட்டுச் சொட்டாக வெள்ளைத் தரையில் விழுந்தது.

"சார், கணவா இல்லன்னு சொல்லுதியளாமே. அப்ப இது என்ன சார்?"

தங்கப்பழம் சார் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோய், கணவாயைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கணவாயைப் பார்த்தார்.

"நல்ல சைஸா இருக்கே" என்றார். "இத எப்படியாச்சும் சிஸ்டத்துக்குள்ள கொண்டு வந்துருங்க."

அன்று லேபிள் கட்டு அச்சகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் பாதிக் கணவாய் நிறம் மாறிவிட்டது. மாறியதை உள்ளூர்ச் சந்தைக்குத் தள்ளினோம். தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. அவர்கள் கேட்டது கணவாயைப் பற்றி அல்ல. உங்கள் ஆலையில் மட்டும் ஏன் இத்தனை சிவப்பு என்றுதான்.

அதிலிருந்து தங்கப்பழம் சாருக்குச் சிவப்பு என்றாலே ஆகாமல் போய்விட்டது. காலையில் வந்து திரையைப் போட்டதும், "என்ன கிரேஸம்மா, இங்கன சிவப்பா கெடக்கு?" என்று கூப்பிடுவார். நான் காரணம் சொல்ல வாயெடுப்பேன். அவருக்குக் காரணம் தேவையில்லை, நிறம் மாற வேண்டும்.

நிஷாந்தை மறுபடி வரவழைத்தார்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும் தளர்த்தச் சொன்னார்கள். தரம் பார்க்காததும் இருப்பு. வாங்க ஆர்டர் போட்டதும் இருப்பு. கடைசியாக ஒரு செட்டிங் இருந்தது. நிஷாந்த் அதை விளக்கினார். "ஒரு பொருள் ஆர்டர் போட்டா எத்தனை நாள்ல கைக்கு வரும்னு சொல்லிட்டோம்னா, அந்த நாளுக்கு அப்புறம் வர்ற தேவைக்கெல்லாம் சிஸ்டம் தேடவே தேடாது. வந்துடும்னு எடுத்துக்கும். அதுக்குப் பேரு லீட் டைம்." பிறகு செபமாலை அண்ணனைப் பார்த்து, "கணவாய்க்கு லீட் டைம் எவ்வளவு சார்?" என்றார்.

"அப்படின்னா?"

"நீங்க ஆர்டர் போட்டதுக்கு அப்புறம் எத்தனை நாள்ல வரும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இவரு யாருக்கு ஆர்டர் போடச் சொல்லுதாரு? கடலுக்கா?"

"ஒரு சராசரி சொல்லுங்க சார்."

"கச்சான் காத்து ஓங்கி அடிச்சா ஒண்ணும் வராது. அடங்கினா வரும். சில சமயம் அடங்கினாலும் வராது. அது இஷ்டம்."

"அந்த ஃபீல்டுல எழுத்து போட முடியாது சார், நம்பர்தான் போட முடியும்."

தங்கப்பழம் சார் குறுக்கிட்டார். "நாலு நாள்னு போடுங்க தம்பி."

நான் சொல்லிப் பார்த்தேன். "சார், சைக்கிள் பெடல் மாதிரி இல்ல இது. கம்பெனிக்கு லெட்டர் போட்டா பெடல் வரும். மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகே கடலுக்குப் போகாது. அப்பவும் நாலு நாள்ல வந்துரும்னு இது சொல்லிக்கிட்டே இருக்கும்."

"தடைக்காலம் வரும்போது பாத்துக்கிடுவோம்" என்றார் அவர்.

அன்றிலிருந்து வங்காள விரிகுடா நாலு நாளில் சரக்கு அனுப்புவதாக எங்கள் மென்பொருளில் பதிவானது. மறுநாள் காலை திரை முழுக்கப் பச்சை. வேப்பந்தோப்பு மாதிரி இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. எல்லா ஆலைகளுக்குள்ளும் முழுப் பச்சை காட்டிய முதல் ஆலை எங்களுடையதுதானாம். தங்கப்பழம் சார் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்.

பச்சை வந்ததும் அவருக்கு ஆசை பெருகியது. ஆர்டர் பச்சையானால் அது தானாகவே வேலைக்கு விடப்பட வேண்டும், வேலைக்கு விட்டால் ஷிப்ட் பட்டியல் தானாகத் தயாராக வேண்டும், பட்டியல் தயாரானால் பஸ் டிரைவருக்குத் தானாகக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்று கேட்டார். நிஷாந்த் செய்து கொடுத்தார். நடுவில் மனிதர் யாரும் இல்லை. தங்கப்பழம் சாருக்குப் பிடித்ததே அதுதான்.

தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் வரிசையாகக் கரையில் கட்டிக் கிடந்தன. சிறு வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டு வருவது ஊர்ச் சந்தைக்கே பற்றாது. எங்கள் திரையில் மட்டும் கடல் ஓயாமல் வேலை செய்தது. அந்தப் பச்சையைப் பார்த்து, கொச்சியிலிருந்து வாங்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆர்டரை வேறு தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆர்டர் பச்சையானது, வேலைக்கு விடப்பட்டது, பட்டியல் தயாரானது, பஸ் வேம்பாருக்குப் போனது.

பெண்கள் வந்து இறங்கினார்கள். கணவாய் இல்லை. தரையைக் கழுவச் சொன்னோம். மறுநாளும் பஸ் போனது. மறுநாளும் வந்தார்கள். கழுவிய தரையையே கழுவினார்கள். அவர்களுக்குச் சம்பளம் அறுக்கிற கணவாயின் எடைக்குத்தான். தரைக்கு எடை கிடையாது.

பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் சகாயமேரி. சிரிப்பாள், ஆனால் சிரித்துக்கொண்டே கேட்கிற கேள்விக்குத் தப்ப முடியாது. அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஏக்கா, கணவா எப்பத்தான் வரும்?"

"தடை முடியணும் சகாயமேரி."

"அது எங்களுக்கும் தெரியும்லா. ஒவ்வொரு வருசமும் தடைக்கு நாங்க உப்பளத்துக்குப் போயிருவோம். தடை தொடங்குற அன்னைக்கே கங்காணி ஆள் எடுத்து முடிச்சிருவாரு. இந்த வருசம் பஸ்ஸு வந்து நின்னு ஆரன் அடிச்சிச்சு. சரி, கம்பெனிக்காரவ கூப்பிடுதாவ, எங்கேயாச்சும் கணவா புடிச்சு வச்சிருப்பாவன்னு நம்பி ஏறிட்டோம். இப்ப உப்பளமும் இல்ல, கணவாயும் இல்ல. யாரு எங்களக் கூப்பிட்டது? அத மட்டும் சொல்லுங்க."

யார் கூப்பிட்டது? உண்மையாகவே யாரும் கூப்பிடவில்லை. நான் தங்கப்பழம் சாரிடம் போனேன். கடல் சரக்குக்கு அந்த லீட் டைமை எடுத்துவிடலாம், பஸ்ஸை நிறுத்திப் பெண்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"எடுத்தா என்னாகும்?"

"சிவப்பாகும் சார்."

"அடுத்த வாரம் கொச்சியிலேர்ந்து ஆளு வாராவ. இப்பப் போயி சிவப்பா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் அனுமதி இல்லாமல் அதில் யாரும் கை வைக்க முடியாது.

கொச்சியிலிருந்து வந்தவர் லீலாம்மா என்று ஓர் அம்மாள். வாங்குபவர்களின் பிரதிநிதி. பருத்திப் புடவை, கையில் சொந்தமாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். கூடத்துக்குள் போகாமல் திரும்புகிறவர் பூட்ஸ் கொண்டு வர மாட்டார்.

அன்று காலை தங்கப்பழம் சார் ஒரு காரியம் செய்திருந்தார். மென்பொருளில் ஆர்டரின் நிலை 'வேலை நடக்கிறது' என்று இருந்தது. கூடம் காலியாக இருந்தால் அது பொய்யாகிவிடும். ஆகவே பெண்கள் எல்லோரையும் தொப்பி, மேலங்கி, கையுறையோடு மேசைகளைச் சுற்றி நிற்கச் சொல்லிவிட்டார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்கப் பிரமாதமாக இருந்தது. வெள்ளைத் தொப்பிகள் வரிசை வரிசையாகக் குனிந்திருந்தன. மேசையில்தான் ஒன்றுமில்லை. சில பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகு குலுங்கியது. தூரத்திலிருந்து அது மும்முரமாக வேலை செய்வதுபோலவே தெரிந்தது.

லீலாம்மாவை முதலில் திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் பச்சையைக் காட்டினார் தங்கப்பழம் சார். அந்த அம்மாள் பொறுமையாகப் பார்த்தார். பிறகு நடைபாதைக் கண்ணாடியில் தொப்பிகளைக் காட்டினார். அதையும் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி பூட்ஸை மாட்டத் தொடங்கினார்.

"உள்ளே ரொம்பக் குளிரும் மேடம். எல்லாமே சிஸ்டத்துலயே பாத்துக்கிடலாம்" என்றார் தங்கப்பழம் சார்.

லீலாம்மா புன்னகை செய்துவிட்டுக் கதவைத் தள்ளினார். நான் பின்னாலேயே போனேன். வேறு வழியில்லாமல், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தங்கப்பழம் சாரும் வந்தார். கூடத்தில் வாடையே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஒரு கணம் ஏமாந்தவர் மாதிரி நின்றார்.

லீலாம்மா முதல் மேசைக்குப் போனார். அங்கே சகாயமேரி, காலி மேசைக்கு மேலே கத்தியைப் பிடித்தபடி நின்றாள். லீலாம்மா பளபளத்த மேசையைப் பார்த்துவிட்டு, தன் மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார்.

"கணவா எவிடே?"

கணவாய் எங்கே என்றுதான் கேட்டார். சகாயமேரி நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகப் பதில் சொன்னாள்.

"வீட்டுல வலைக் கிழிசலப் பொத்திக்கிட்டுக் கெடக்காவம்மா. தடை போட்டிருக்காவல்லா? கடலுக்கு யாரும் போகல."

கணவர் எங்கே என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு சொன்னாளா, புரிந்துகொண்டே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டபோதெல்லாம் சிரிக்கிறாள். ஆனால் கூடத்தில் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் வெடித்துவிட்டது. அடுத்த மேசையில் ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லீலாம்மா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "பிளானிங் நீங்கதானே? சரக்கு உண்டோ, இல்லையோ?" என்று கேட்டார்.

தங்கப்பழம் சார் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. ஆனால் சகாயமேரியும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இல்லம்மா. தடை முடியிற வரைக்கும் வராது" என்றேன்.

லீலாம்மா பெரிதாகச் சத்தம் போடவில்லை. தடைக்காலம் கொச்சிக்காரர்களுக்குத் தெரியாததா? முன்பே சொல்லியிருந்தால் தேதியைத் தள்ளிக் கொடுத்திருப்போம் என்றார். தள்ளியும் கொடுத்தார். ஒரு நிபந்தனை: தன் ஆர்டர்களுக்கு இந்தப் பச்சையை நம்ப மாட்டேன், இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கே சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு பஸ் நின்றது. பெண்கள் உப்பளத்துக் கங்காணியிடம் பேசிப் பாதிப்பேர்தான் வேலைக்குச் சேர முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

மறுநாள் என்னை லேபிள் ஸ்டோருக்கு மாற்றினார்கள். "அங்கனயும் ஒரு திறமையான ஆள் தேவைப்படுது" என்றார் தங்கப்பழம் சார்.

செட்டிங்கை மாற்ற நிஷாந்த் வந்தபோது, பொது மேலாளர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி லேபிள் ஸ்டோருக்கு வந்துவிட்டார். லேபிள் கட்டுகளை மேசையாக அடுக்கி, அதன்மேல் வைத்து இருவரும் வேலை பார்த்தோம். இன்று ஜான்சியின் மாணவர்கள் பார்க்கிற அந்தத் தனி ஏற்பாடு அங்கேதான் பிறந்தது. பை, பெட்டி, லேபிளுக்கு முதலில் போட்ட கண்டிப்பான விதியே இருக்கட்டும், லேபிள் குறைவதற்காக மட்டும் வேலை நிற்கக்கூடாது. கடல் சரக்குக்குத் தனி விதி. நம் தளத்தில் இறங்கியதுதான் இருப்பு. தரப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை. வாங்கப் போவது, வரப் போவது எதுவும் கணக்கில்லை. லீட் டைம் கிடையவே கிடையாது. சரக்கு குறைந்தால் மென்பொருள் தானாக எதுவும் செய்யாமல் ஒரு மனிதரிடம் கேட்க வேண்டும்.

"யார்கிட்ட மேம் கேக்கணும்? ஒரு பேரு போடணும்" என்றார் நிஷாந்த்.

"பொது மேலாளர்கிட்ட" என்றேன்.

நிஷாந்த் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சிரிக்காமல் தட்டச்சு செய்தார்.

தடை முடிந்து படகுகள் போன முதல் நாளே அள்ளிக்கொண்டு வந்தன. செபமாலை அண்ணன் வண்டி வண்டியாக அனுப்பினார். தளம் கொள்ளவில்லை. திரையில் பச்சை. இந்தத் தடவை உண்மையான பச்சை. ஆர்டர் வேலைக்கு விடப்பட்டது, பஸ் வேம்பாருக்குப் போனது. காலையில் பஸ் திரும்பி வந்தபோது டிரைவர் மட்டும் இறங்கினார்.

"யாரும் ஏறல சார். ஆரன் அடிச்சிப் பாத்தேன். அடிச்சா நாய்தான் வருது."

தங்கப்பழம் சார் லேபிள் ஸ்டோருக்கு வந்தார். அந்த இடத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. "கிரேஸம்மா, எல்லாம் பச்சையா இருக்கே. இவளுவ ஏன் வரல?"

"அவங்க இருக்காங்களான்னு சிஸ்டத்துல நாம எங்க சார் பாக்கோம்?" என்றேன். "கணவாய்க்குப் பாக்கோம். பெட்டிக்குப் பாக்கோம்."

அவர் ஒரு லேபிள் கட்டை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தார். பிறகு, "வாங்க, போவோம்" என்றார். அதே காலி பஸ்ஸில் இரண்டு பேரும் வேம்பாருக்குப் போனோம். அவருடைய கார் அன்று சர்வீஸுக்குப் போயிருந்தது.

சகாயமேரியும் மற்றவர்களும் உப்பளத்தில் இருந்தார்கள். இரண்டாம் முறை உப்பு வாருவதற்கு ஆள் பற்றாமல், விடுபட்டவர்களையும் சேர்த்துக் கங்காணி எல்லோரையும் எடுத்திருந்தார். தலையில் கூடையோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. தங்கப்பழம் சார் பாலிஷ் போட்ட ஷூவோடு வரப்பில் கால் வைத்து, வழுக்கி, ஒரு காலை உப்புப் பாத்தியில் விட்டார். சகாயமேரி கூடையைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"என்ன சார், இம்புட்டுத் தூரம்?"

"கணவாய் வந்திருக்கு" என்றார் தங்கப்பழம் சார்.

"நெசமான கணவாயா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "நெசமானதுதான் சகாயமேரி. தளத்துல கெடக்கு, நான் கண்ணால பாத்துட்டு வந்தேன்" என்றேன்.

மற்ற பெண்களும் கூடிவிட்டார்கள். சகாயமேரி தலைச் சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "வாரோம் சார். ஆனா ரெண்டு விசயம். பஸ்ஸு ஆரனுக்கு இனிமே நாங்க ஏற மாட்டோம். முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஆளு, ஆளுன்னா மனுசாளு, போன்ல கூப்பிட்டு, கணவா வந்திருக்கு, வாங்கன்னு சொல்லணும். நம்பி வந்து எறங்கிட்டோம்னா, கணவா இருந்தாலும் இல்லாட்டாலும் அன்னைக்குள்ள கூலி எங்களுக்கு உண்டு. சம்மதமா?"

"தலைமை அலுவலகத்துல பேசி, ஒரு முடிவு எடுத்து..."

"பேசுங்க சார். நாங்க உப்பு அள்ளிக்கிட்டு இருக்கோம்."

அவர் அங்கேயே, பாத்தி ஓரத்தில் நின்று, தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். வெகுநேரம் பேசினார். கணவாய் நிறம் மாறுவதைப் பற்றி அவர் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன், நேரில் பார்த்தவர் மாதிரியே பேசினார். போனை வைத்துவிட்டு, சகாயமேரியிடம் வந்து, "சம்மதம்" என்றார். அந்தச் சொல் வாய்க்குள் புதிதாக இருந்ததாலோ என்னவோ, ஒருமுறை சொல்லிவிட்டு, "சம்மதம்மா" என்று மறுபடியும் சொன்னார்.

ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விட்டு அவர்கள் வரவில்லை. பொழுது சாயும்வரை உப்பை அள்ளி முடித்துவிட்டு, மறுநாள் காலையில்தான் வந்தார்கள். அதற்குள் பாதிக் கணவாயைப் பக்கத்துக் கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று. லீலாம்மாவின் ஆர்டரை எப்படியோ கரையேற்றினோம்.

தங்கப்பழம் சார் என்னைப் பழைய இடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அடுத்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு. எல்லா ஆலைகளிலும் இந்த மென்பொருளின் செட்டிங்கைச் சீர்செய்யும் பொறுப்பு அவருக்கே போனது. 'கடல் சரக்குக்கான தனி விதி' என்று அவர் பல ஊர்களில் பேசியதாகவும், நன்றாகவே பேசியதாகவும் கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெறும்வரை, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் சகாயமேரிக்குப் போன் செய்வது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. மென்பொருளில் அதற்கு இடமில்லை. ஓய்வு பெறும்போது ஜான்சியிடம் ஒப்படைத்தேன். அவளும் கொஞ்ச நாள் செய்தாள். இப்போது கம்பெனி அதையும் நவீனமாக்கிவிட்டது. கணவாய் வந்தால் எல்லாப் பெண்களின் போனுக்கும் ஒரு பதிவுக் குரல் போகிறது. "வணக்கம். நாளைய பணிக்கான மூலப்பொருள் இருப்பு உறுதி செய்யப்பட்டுள்ளது. தவறாமல் வருகை தரவும்." இனிமையான குரல்தான்.

சகாயமேரி அதை முழுக்கக் கேட்கிறாள். கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்கிறாள்.

"ஏக்கா, இந்தப் பிள்ள சொல்லுதது நெசமா?"

எனக்கும் கம்பெனிக்கும் இப்போது சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப கேட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். செபமாலை அண்ணனும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் சாயங்காலமானால் படகுத்துறையில்தான் இருப்பார். அவரைக் கூப்பிடுவேன். "அள்ளிக்கிட்டு வாராவ தங்கச்சி, கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார். அதைச் சகாயமேரிக்குச் சொல்வேன். "சரிக்கா, அப்ப வாரோம்" என்பாள்.

மறுநாள் காலை பஸ் நிறைந்து போகும். பதிவுக் குரல் வந்த பிறகு ஆள் வரத்து ஒரு நாள்கூடக் குறையவில்லையாம். அதற்கென்று திரையில் தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறார்களாம், எப்போதும் பச்சையாகவே இருக்கிறதாம். ஜான்சிதான் சொன்னாள்.